புது ரவுட்டரா, பத்து மீட்டர் வயரா?



ஹாலில் பிள்ளைகள் படம் பார்க்கிறார்கள். உள்ளறையில் மருமகள் அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறார். மாடியில் மகனுக்கு ஆன்லைன் வகுப்பு. அந்த நேரம் பார்த்துத் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. “ரவுட்டர் பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்” என்று யாராவது ஒருவர் சொல்கிறார். கடையிலோ வைஃபை 6, வைஃபை 6இ, வைஃபை 7 என்று வண்ணப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. சில ஆயிரம் ரூபாயிலிருந்து சில பத்தாயிரங்கள் வரை விலை போகிறது. வாங்கலாமா, வாங்கினால் நெட் வேகமாகுமா என்று நம் வாசகர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இந்த மாதம் இந்தப் பக்கத்தை முழுவதும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் ரவுட்டர் பெட்டியை மாற்றுவதால் பெரிய பலன் இருக்காது. பெட்டி இருக்கும் இடத்தையும் அதில் செருகியிருக்கும் வயரையும் மாற்றினாலே பாதிக்கு மேல் தொல்லை தீரும். மாற்றியே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு. நம் வீடு எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் வருத்தமான விஷயம்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? நெட்ஃப்ளிக்ஸ் தன் 4கே படங்களுக்குக் கேட்பது 15 எம்.பி.பி.எஸ்., அதாவது வினாடிக்கு 15 மெகாபிட். சாதாரண முழு எச்.டி. படத்துக்கு 5 போதும். வீடியோ அழைப்பு ஒன்று மூன்று, நான்கு எம்.பி.பி.எஸ்ஸுக்குள் அடங்கிவிடும். நாலு பேர் இருக்கும் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு திரையைப் பிடித்தாலும் 60 எம்.பி.பி.எஸ்ஸைத் தாண்டுவது கஷ்டம். 100 எம்.பி.பி.எஸ். இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டியும் படம் நிற்கிறது என்றால், வாசல் வரை வந்த வேகம் வீட்டுக்குள் எங்கோ தொலைகிறது. எங்கே தொலைகிறது என்று பார்க்க வேண்டியதுதான் முதல் வேலை.

அதற்குச் செலவில்லை. ஒரு லேப்டாப்பை லேன் வயரால் நேரே பெட்டியில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். பிறகு வயரைக் கழற்றிவிட்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வைஃபையில் பாருங்கள். கடைசியாக, தொல்லை கொடுக்கும் அந்தப் பின்னறைக்குப் போய்ப் பாருங்கள். வயரிலேயே வேகம் குறைவு என்றால் உங்கள் ரவுட்டரின் வைஃபை மேல் குற்றமில்லை. குறிப்பாக இரவு எட்டிலிருந்து பத்து மணிக்குள் மட்டும் வயரிலும் வேகம் விழுகிறது என்றால், அது இணைப்பு கொடுத்தவரின் பக்கத்துப் பிரச்சினை. வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பெரும்பாலானவை ஜிபான் முறையில் ஓடுகின்றன. சுமார் 2.5 ஜி.பி.பி.எஸ். வேகமுள்ள ஒரே இழையை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. அங்கே நெரிசல் என்றால் எவ்வளவு விலை உயர்ந்த ரவுட்டரும் ஒன்றும் செய்ய முடியாது. புகார் எண் வாங்கி விடாமல் கேட்பதுதான் ஒரே வழி.

இந்தச் சோதனையில் ஒரு எண் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள்: 94 அல்லது 95. நீங்கள் எடுத்திருப்பது 150 அல்லது 200 எம்.பி.பி.எஸ். திட்டம், ஆனால் எத்தனை முறை சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லை என்றால் வழியில் எங்கோ ஒரு 100 எம்.பி.பி.எஸ். தடை இருக்கிறது. இணைப்பு கொடுக்கும்போது இலவசமாகத் தரப்படும் பெட்டிகளில் சிலவற்றில் லேன் துளைகளே 100 எம்.பி.பி.எஸ்ஸுக்கு மேல் போகாதவை. இன்னொரு காரணம் வயர். லேன் வயருக்குள் நான்கு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்.பி.பி.எஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கிகாபிட் போக நான்கு ஜோடியும் வேண்டும். அவசரத்தில் நான்கு கம்பிகளை மட்டும் வைத்து கனெக்டரில் கிரிம்ப் செய்துவிட்டுப் போனால் நெட் வரத்தான் செய்யும், விளக்கும் எரியும், யாருக்கும் சந்தேகம் வராது. கனெக்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், எட்டு நிறங்களும் தெரிய வேண்டும். எட்டில் ஒரே ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும் இதே கதை நடக்கலாம். சரி செய்ய ஆகும் செலவு ஒரு கனெக்டரின் விலை, கூடவே வருகிறவருக்குக் கூலி.

வயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கேட் 6 என்று மேலே அச்சடித்து, உள்ளே செம்புப் பூச்சு கொடுத்த அலுமினியக் கம்பியை வைத்து மலிவாக விற்கிறார்கள். முழுச் செம்புக் கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் ஓடும் தூரத்துக்கு கேட் 5இ வயரே ஒரு கிகாபிட் வேகத்தைத் தாராளமாகத் தாங்கும்; 100 மீட்டர் வரை அதற்கு அந்தத் திறன் உண்டு.

வயரில் வேகம் நன்றாக இருந்து, பின்னறையில் மட்டும் விழுகிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்டி இருக்கும் இடம். ஃபைபர் எந்தச் சுவர் வழியாக உள்ளே வருகிறதோ, அந்தச் சுவரிலேயே பெட்டியை அடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அது வாசல் கதவுக்கு மேலே இருக்கும், அல்லது டி.வி. ஷோகேஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. வைஃபை என்பது ஒளியைப் போன்ற அலைதான். பல்பை பீரோவுக்குள் வைத்துவிட்டு அறை இருட்டாக இருக்கிறது என்று புதுப் பல்பு வாங்குவோமா? இரும்பு பீரோவும் ஆளுயரக் கண்ணாடியும் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர்த் தொட்டியும் மீன் தொட்டியும் உறிஞ்சிக்கொள்ளும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம் மிக அதிகமாக எடுத்துக்கொள்ளும். கீழ்வீட்டுப் பெட்டியின் சிக்னல் மாடியில் செத்துப்போவதற்கு இதுதான் காரணம். வீட்டின் நடுப்பகுதியில், நெஞ்சு உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் பெட்டியை வைத்துப் பாருங்கள். குச்சி ஆன்டெனா இருந்தால் செங்குத்தாக நிறுத்துங்கள். அலை குச்சியின் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும். குச்சி நீட்டிக்கொண்டிருக்கும் திசையில் குறைவு.

பெட்டி இரண்டு பேண்டுகளில், அதாவது அலைவரிசைகளில், வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அடுக்குமாடியில் எல்லா வீட்டு வைஃபையும் அதே இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைக்காரர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகமும் கூடுதல், தூரம் மட்டும் குறைவு. டி.வி.யையும் லேப்டாப்பையும் 5-க்கு மாற்றினாலே சில வீடுகளில் பிரச்சினை அன்றே முடிந்துவிடுகிறது.

கடைக்காரர் காட்டும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘ஏஎக்ஸ் 3000’ என்று இருக்கும். 3000 எம்.பி.பி.எஸ். கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. 2.4 பேண்டின் உச்சவேகம் 574, 5 பேண்டின் உச்சவேகம் 2402. இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கி அச்சடித்திருக்கிறார்கள். ‘ஏசி 1200’ என்றால் 300-உம் 867-உம். சோதனைக்கூடக் கணக்கு இது. வீட்டில் உங்கள் போன் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் இணையும். போனுக்குள் இருக்கும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கையும் அதன் வைஃபை தலைமுறையும்தான் மேல் எல்லையை முடிவு செய்கின்றன. வைஃபை 7-க்கான சான்று கொடுக்கும் பணி தொடங்கியதே 2024 ஜனவரியில்தான். அதற்கு முந்தைய போன்களையும் லேப்டாப்களையும் வைத்துக்கொண்டு வைஃபை 7 ரவுட்டர் வாங்கினால், அவற்றில் பெரும்பாலானவை பழைய வேகத்தில்தான் பேசும். வைஃபை 6 ரவுட்டர் கொஞ்சம் வேறு மாதிரி. நிறையக் கருவிகள் ஒரே நேரத்தில் பேசும்போது, அலைவரிசையைச் சின்னச்சின்னத் துண்டுகளாக்கிப் பங்கிட அதற்குத் தெரியும். போன், டி.வி., கேமரா, ஸ்மார்ட் பல்பு என்று இருபது முப்பது கருவி இருக்கும் வீட்டில், பழைய பெட்டி எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால், வைஃபை 6 நல்ல தேர்வு. வைஃபை 7-க்கு இப்போது அவசரம் இல்லை என்பது என் தீர்மானமான எண்ணம்.

மாடிக்கு சிக்னல் வரவில்லை என்றதும் பலரும் வாங்குவது பிளக்கில் செருகும் ரிப்பீட்டர். மலிவான ஒற்றை பேண்ட் ரிப்பீட்டர் சிக்னலை வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரேடியோவில்தான். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அதனால் செய்ய முடியும். அதனால் வேகம் பாதியாகிவிடுகிறது. போனில் சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும், படம் மட்டும் ஓடாது. இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. கீழிருந்து மாடிக்கு ஒரு லேன் வயரை இழுத்து, அலமாரியில் தூங்கும் பழைய ரவுட்டரை அதன் மறுமுனையில் மாட்டுங்கள். அதன் அமைப்பில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்று தேர்ந்தெடுத்தால் போதும். அந்த வசதி இல்லாத பெட்டியில், ஐ.பி. எண்களைப் பங்கிடும் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு, பெட்டியின் முகவரியைக் கீழ்ப் பெட்டியோடு மோதாதபடி மாற்றி, வயரை லேன் துளையில் செருக வேண்டும். வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக இயக்க, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் மெஷ் கருவிகள்கூட வயரில் இணைக்கப்படும்போதுதான் தங்கள் முழுத் திறமையையும் காட்டுகின்றன.

இவ்வளவையும் சரிபார்த்த பிறகும் பெட்டியை மாற்றியே ஆக வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. அதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்: பாதுகாப்பு. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. அவ்வருடம் அக்டோபர் 21 அன்று அந்தப் படையின் தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்களே அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. நவம்பரில் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீட்டு இணைப்புகள் பாதிக்கப்பட்டன. 2017 ஜூலையில் நம் நாட்டிலும் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடங்கள் இதேபோன்ற தாக்குதலுக்கு ஆளாகி, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அறிவுறுத்தும் நிலை வந்தது. உங்கள் ரவுட்டரின் பாஸ்வேர்டு இன்னும் ‘அட்மின்’ என்றே இருந்தால், இந்த இதழை மூடி வைத்துவிட்டு முதலில் அதை மாற்றுங்கள். பிறகு, தயாரித்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் உங்கள் மாடலுக்கு மென்பொருள் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா என்று பாருங்கள். நிறுத்திவிட்டோம் என்று அவர்களே அறிவித்திருந்தால், எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதற்கு விடை கொடுங்கள்.

விஷயம் தெரிந்த இளைஞர் வீட்டில் இருந்தால் அதற்கும் ஒரு மாற்று உண்டு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற நீலப்பெட்டி ரவுட்டரின் மூலநிரல் 2003-இல் வெளியானதிலிருந்து கிளைத்து, 2004-இல் பிறந்தது ‘ஓபன்டபிள்யுஆர்டி’ என்ற இலவச மென்பொருள். தயாரித்தவர்கள் கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்களுக்கு உலகெங்கும் தன்னார்வலர்கள் இன்றும் அதன் வழியாகப் புதுப்பிப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எல்லா மாடலிலும் அது ஏறாது. நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியில் பெரும்பாலும் முடியாது.

புதிதாக ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்று கை பரபரப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது மினி யு.பி.எஸ். மின்சாரம் போனாலும் பெட்டி அணையாமல் சில மணி நேரம் ஓடும். தேர்வு எழுதும் பிள்ளைக்கும் வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் வைஃபை 7-ஐவிடப் பெரிய உதவி. வாங்கும்போது உங்கள் பெட்டி 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று அடாப்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். தன்னால் அணைந்து அணைந்து எரியும் ரவுட்டரிலும் பல நேரம் கெட்டிருப்பது இந்த அடாப்டர்தான்.

வேண்டாம் என்று முடிவான பெட்டியை, உள்ளே இருக்கும் பாஸ்வேர்டுகள் அழியும்படி ரீசெட் செய்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது அதில் 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா.வின் அறிக்கை சொல்கிறது. நன்றாக ஓடும் ஒரு பெட்டியை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். சுவரில் காடி வெட்டி வயரிங் பைப் பதிக்கும்போதே, ஃபைபர் வரும் இடத்திலிருந்து ஒவ்வொரு படுக்கையறைக்கும் மாடிக்கும் லேன் வயருக்கென்று தனி பைப் ஒன்று போடச் சொல்லுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க விடாதீர்கள். வயரை இப்போதே இழுக்க முடியாவிட்டால், பிறகு இழுப்பதற்கு உள்ளே ஒரு கம்பியை மட்டுமாவது விட்டு வையுங்கள். பூச்சு வேலை தொடங்குவதற்குள் எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்