குறிப்பறிதல் இருபாற் கடன்

பிறர் உள்ளக் கருத்தை அவர் கூறாமலே உணரும் ஆற்றலைத் தமிழ்ச் சான்றோர் பெரிதும் போற்றினர். திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் பெயரால் இரண்டு அதிகாரம் வகுத்தார். ஒன்று அரசவைக்கு உரியது, மற்றையது காதலர்க்கு உரியது. ஆயின், இவ்வாற்றல் எல்லார்க்கும் ஒரே படித்தாய் வாய்ப்பதில்லை. முகக்குறிப்பையும் குரல் வேறுபாட்டையும் விரைந்து உணர்தல் அரிதாய் இருப்போருள் ஓட்டிசம் உடையோரும் உளர். அதுபற்றி அவரை அறிவிற் குறைந்தோர் என்று ஒதுக்குதல் முறையாகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

ஓட்டிசத்தைத் தமிழில் ‘மதியிறுக்கம்’ என வழங்குவாரும் உளர். தமிழாசிரியராகிய எமக்கு இச்சொல் உடன்பாடன்று. ஓட்டிசம் உடையோருள் அறிவு வளர்ச்சி குன்றியோரும் உளர். வாழ்நாள் முழுவதும் பிறர் துணை வேண்டுவோரும் உளர். நுண்ணறிவிற் சிறந்தோரும் உளர். அனைவர்க்கும் மதி இறுகிவிட்டதென ஒரு சொல்லாலே தீர்ப்பளித்தல் பொருந்தாது.

1943ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறைக்கு முதனூல் போன்றது. அவருள் முதலாவதாகக் கூறப்பட்டவர் டொனால்ட் திரிப்லெற் என்பவர். இளமையில் ஒரு காப்பகத்தில் விடப்பட்டுப் பெற்றோராற் பின்னர் மீட்கப்பட்ட அவர், கல்லூரிப் பட்டம் பெற்றார்; மிசிசிப்பி மாநிலத்துத் தம் சிற்றூரிலே வங்கியிற் பணி புரிந்தார்; பல நாடுகளுக்குத் தனியே பயணஞ் செய்தார்; 2023ஆம் ஆண்டில் 89ஆவது வயதிற் காலமானார். அவர் இயல்பை அவ்வூரார் அறிந்து ஏற்றுக்கொண்டமை அவர் வாழ்வுக்குப் பெருந்துணையாயிற்று.

இனி, அறிஞர் நடாத்திய சோதனைகளை நோக்குவாம். 1985ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பொம்மை விளையாட்டுக் காட்டப்பட்டது. ஒரு பொம்மை தன் கோலியைக் கூடையில் வைத்துச் செல்ல, மற்றைய பொம்மை அதனைப் பெட்டிக்கு மாற்றுகின்றது. முதற் பொம்மை திரும்பி வந்து எங்கே தேடும் என்பது வினா. கூடையில் என்பதே சரியான விடை. ஓட்டிசம் உடைய 20 பிள்ளைகளுள் 16 பேர் பெட்டியையே சுட்டினர். இதுகொண்டு, ஓட்டிசம் உடையோர் பிறர் மனத்தை அறியமாட்டார் என்னும் கொள்கை பரவிற்று. சரியாக விடை கூறிய நால்வரைப் பலரும் மறந்தனர். வளர்ந்தோருட் பலர் இத்தகைய வினாக்களுக்குப் பிழையின்றி விடை கூறுகின்றனர். பிறர்க்கு இயல்பாகத் தோன்றுவதை அவர் எண்ணி ஆராய்ந்து அறிகின்றனர். ஆகவே விரைந்து செல்லும் உரையாடலில் இடர்ப்படுகின்றனர்.

தாமே ஓட்டிசம் உடையவராகிய டேமியன் மில்ற்றன் என்னும் ஆங்கில அறிஞர் 2012ஆம் ஆண்டில் வேறொரு கருத்தை முன்வைத்தார். இருவேறு இயல்பினர் உரையாடுகையில் விளங்காமை இருபக்கத்தும் உண்டு. அதனை ஒருவர் தலையில் மாத்திரம் சுமத்தலாகாது என்பது அவர் துணிபு. 2020ஆம் ஆண்டில் எடின்பரோவில் ஒரு கதையை எண்மர் ஒருவர்பின் ஒருவராகச் சொல்லிச் செல்லுமாறு செய்து சோதித்தனர். ஓட்டிசம் உடையோர் மாத்திரம் இருந்த வரிசை மற்றையோர் வரிசைக்குத் தாழவில்லை. இருதிறத்தாரும் கலந்த வரிசையிலேதான் கதை மிகத் தேய்ந்தது. 2025ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய ஆய்வு மூவகை வரிசைக்குமிடையே வேறுபாடு காணவில்லை. கலப்பினாற் கேடு விளையும் என்பது உறுதிப்படவில்லையாயினும், ஓட்டிசம் உடையோர் செய்தியைக் கடத்த வல்லர் என்பது ஈரிடத்தும் புலனாயிற்று.

நம்மை நாணச் செய்வது 2017ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு. ஓட்டிசம் உடைய வளர்ந்தோரைச் சில நொடிகள் படத்திற் கண்டோர், அவரோடு பழக விரும்பாதவராயினர். அவர் பேசிய சொற்களை எழுத்தில் மாத்திரம் படித்தபோதோ அவ்வெறுப்புத் தோன்றவில்லை. சொல்லப்பட்ட பொருளில் குறையில்லை. கண்டோர் கண்ணிலேதான் குறை இருந்தது.

நேர்முகப் பரீட்சையில் நிகழ்வதும் இதுவன்றோ? கண்ணை நோக்கிப் பேசாதவன் கள்வன் என்றும், உடனே விடை கூறாதவன் மூடன் என்றும் கருதிவிடுகின்றோம். மக்களோடு ஓயாது பேசவேண்டிய பதவிக்குப் பேச்சுவன்மையைத் தேடுதல் தகும். கணக்கேடு எழுதவும் இயந்திரம் பழுதுபார்க்கவும் நூல்நிலையத்தை ஒழுங்குசெய்யவும் வருபவனிடத்து அதனையே முதற்றகுதியாகக் கொள்ளுதல் தகுமோ? வினாக்களை முன்னரே எழுத்திற் கொடுங்கள். ஒருநாள் வேலை செய்வித்துப் பாருங்கள். கட்டளையைக் குறிப்பாலன்றித் தெளிந்த சொல்லாற் கூறுங்கள். இவற்றாற் பொருட்செலவு மிகுதியாகாது. நல்ல ஊழியர் கைநழுவாமையே ஊதியம்.

ஆசிரியராகிய நமக்கும் கடனுண்டு. வகுப்பிற் கேலிக்கு ஆளாகும் தனியனை, மாணவர் தலைவனாக்கித் திருத்த முயலவேண்டா. அவன் விரும்பும் துறையில் அவனுக்கு வழி திறந்துவிடுதல் போதும்.

நம் பழைய மாணவர் இன்று தெரிவுச் சபைகளிலும் வணிக நிலையங்களிலும் அதிகார ஆசனங்களில் அமர்ந்திருக்கின்றனர். குறிப்பறியாதவன் என ஒருவனைத் தள்ளுமுன், அவன் குறிப்பை நாம் அறிந்தோமா என அவர் தம்மைத் தாமே வினவுவாராக. கற்றோர்க்கு அழகு அதுவே.