சென்ற மாதத்து விலையும் வருகிற மாதத்து விளைச்சலும்

பொருளாதாரம் என்றவுடன் அது கல்லூரி மாணவர்க்கு உரிய சாத்திரம் என நம் அங்கத்தினர்களிற் பலர் ஒதுங்கி விடுகின்றனர். உண்மையில் அதன் முதற் பாடங்களை, பெயரறியாமலே, இராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையில் நாம் பெரும்பொருள் இழந்து கற்று வருகிறோம்.

2023ஆம் ஆண்டை நினைவுகூர்வோமாக. ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்தது. செப்டம்பரில் விலை படுவீழ்ச்சியுற்று, பல இடங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் விவசாயிகள் பழத்தைக் கொட்டினர். இதனை வியாபாரிகளின் சூழ்ச்சி என்று கூறி அமைதியடைவது எளிது. சூழ்ச்சி அறவே இல்லையென்று யாம் வாதிக்கவில்லை. ஆயினும் அதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு.

நாற்று நட்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்தே பழம் பறிக்கிறோம். ஆனால், நடும் அன்று நாம் பார்ப்பது அன்றைய விலையை. உயர்ந்த விலை கண்டு நாம் நடும்போது கோலாரிலும் மதனப்பள்ளியிலும் அவ்வாறே நடுகின்றனர். எல்லாம் ஒருசேரச் சந்தைக்கு வருகின்றன, விலை விழுகிறது. மனம் வெறுத்துச் சாகுபடியைக் குறைக்கிறோம். மீண்டும் விலை ஏறுகிறது. இச்சுழற்சிக்குப் பொருளாதார அறிஞர் கால்டார் 1934இல் சூட்டிய பெயர் ‘சிலந்தி வலை’ என்பதாகும்.

மற்றொன்றும் அறிதல் வேண்டும். விலை பாதியாயிற்று என்பதற்காக எந்த வீட்டிலும் ரசத்துக்கு இருமடங்கு தக்காளி இடுவதில்லை. உதாரணமாக, நூறு பெட்டி வரும்போது பெட்டி முந்நூறு ரூபாய் எனின் வரவு 30,000. நூற்று முப்பது பெட்டி வந்து விலை இருநூறாயின் வரவு 26,000 மட்டுமே. விளைச்சல் பெருகியது, வருமானம் குறைந்தது. நெசவாளரும் இதற்கு விலக்கல்லர். சென்ற தீபாவளிக்கு விற்ற கரையையே எல்லாத் தறிகளிலும் ஏற்றினால் சரக்குத் தேங்குவது திண்ணம்.

இதற்குப் பரிகாரம் யாது? ஒவ்வொரு சங்கமும், நடவுக்கு முன்னரே, யார் எந்த மாதத்தில் எத்தனை ஏக்கர் நடவிருக்கிறார் என்பதைப் பதிவேட்டில் எழுதி, அறிவிப்புப் பலகையில் வெளியிடல் வேண்டும். எல்லைக்கு அப்பாலுள்ள சந்தைகளின் வரத்தையும் விசாரித்து எழுதலாம். தனி விவசாயி இதைச் செய்ய இயலாது. சங்கம் செய்ய இயலும்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. பிறர் குறைத்து நடுவர் என அறிந்தவுடன், தாம் மட்டும் கூடுதலாக நட்டு இலாபம் பெற எண்ணுவோர் இருப்பர். அனைவரும் அவ்வாறே எண்ணின் பதிவேடு வெறுங்காகிதமே. ஆகவே, குறைப்பதைக் காட்டிலும் நடவை வாரந்தோறும் முறை வைத்துப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. முறை இன்று உமக்கு, நாளை எமக்கு எனும்போது பொறாமை குறையும்.

பங்குத் தொகை செலுத்தியதனால் மட்டும் ஒருவர் கூட்டுறவாளர் ஆகிவிடுவதில்லை. தம் நடவுக் கணக்கை அண்டை நிலத்தாரிடம் மறைக்காமல் உரைப்பவரே கூட்டுறவாளர். அடுத்த நடவுக்கு முன் கூடும் பொதுக்குழுவில் இப்பதிவேட்டை முதற்பொருளாக வைப்போமாக.