உள்ளே வந்து உட்காருங்கள்

கணவன் பாசமாக இருந்தாலே மார்பகப் புற்றுநோய் பாதி குணமாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. 'அமெரிக்காவிலேயே கண்டுபிடிச்சிட்டாங்க' என்பார்கள். கண்டுபிடித்தது வேறு.

2013-ல் பாஸ்டன் மருத்துவர்கள் அயல் ஐசர், பால் நுயென் குழுவினர் 7,34,889 புற்றுநோயாளிகளின் பதிவுகளை அலசினார்கள். மார்பகம், நுரையீரல் உட்படப் பத்து வகைப் புற்றுநோய்கள். திருமணமானவர்கள் நோய் முற்றிப் பரவிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவது குறைவாக இருந்தது. முழுச் சிகிச்சை எடுப்பது கூடுதலாக இருந்தது. இவ்விரண்டையும் கழித்துப் பார்த்தும், புற்றுநோயால் இறக்கும் அபாயம் அவர்களுக்கு 20 சதவீதம் குறைவு. இந்தப் பலன் பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். அதாவது, மனைவி இருக்கும் கணவனுக்கு!

அந்தப் பதிவேட்டில் இருந்தது 'திருமணமானவர்' என்ற ஒரு சொல் மட்டுமே. கணவர் கூடவே அலைந்தாரா, குடித்துவிட்டுத் திண்ணையில் கிடந்தாரா என்று அதற்குத் தெரியாது. பாசத்தை யாரும் அளக்கவில்லை.

விழுப்புரம் பக்கம் கெடாரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு பெண்ணுக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கரண்டு வைக்கச் சொல்கிறார்கள் என்றால் (கதிர்வீச்சுக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அதுதான்), வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஐந்து வாரம் போய்வர வேண்டும். மெஷினுக்கு அடியில் படுப்பது சில நிமிடம். விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் பஸ் மாறி, ஜிப்மர் இருக்கும் கோரிமேடு போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மல்லாட்டை பிடுங்கும் நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மாட்டை யார் பார்ப்பது, பிள்ளைக்கு யார் சோறு போடுவது? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவுக்கு உதவும். போன கூலியைத் தராது. சிகிச்சை பாதியில் நிற்க இது போதும்.

ஆகவே, துணையின் ஆதரவு என்று ஆய்வாளர்கள் எழுதுவது கெடாரில் பால் கறப்பதும் சோறு வடிப்பதும்தான். அறுவை ஆன சில வாரங்களுக்கு அந்தப் பக்கத்துக் கையால் அவள் தண்ணிக் குடம் தூக்கக்கூடாது, அதைத் தூக்குவது. கீமோ போட்ட நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த ராத்திரியே வண்டி பிடிப்பது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் உடம்பில் காய்ச்சல் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இதையெல்லாம் செய்யக் கணவர்தான் வேண்டுமா? 2006-ல் வெளியான கேண்டஸ் குரோன்கியின் ஆய்வு, மார்பகப் புற்றுநோய் வந்த 2,835 செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்தது. யாருமற்றுத் தனித்திருந்தவர்கள் அந்நோயால் இறக்கும் அபாயம் இரண்டு மடங்கு. நெருங்கிய உறவு, தோழி, பிள்ளைகள் இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள். கணவர் இருந்தாரா இல்லையா என்பது மட்டும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. கணவரை இழந்த பெண் இதைப் படித்து மனம் தேறலாம். அக்கா, ஓரகத்தி, பக்கத்து வீட்டுக்காரி யாராக இருந்தாலும் கணக்கில் சேர்த்தி.

ஒரு விஷயம் கணவர்களுக்குப் பிடிக்காது. 'ஒண்ணும் ஆவாது, கம்முனு இரு' என்பது ஆறுதல் என்று நினைக்கிறோம். தன் பயத்தை மறைத்து, பேச்சையே மாற்றிவிடுவதை ஆய்வாளர்கள் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அது பெரும்பாலும் நோயாளிக்கு உதவுவதில்லை. தலைமுடி கொத்தாகச் சீப்பில் வரும்போது அவளுக்கு வேண்டியது தைரியம் அல்ல, கேட்க ஒரு காது.

விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. 2009-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மூளைக் கட்டி போன்ற கடும் நோய் மனைவிக்கு வந்த குடும்பங்களில் 21 சதவீதம் பிரிந்தன. கணவருக்கு வந்தால் 3 சதவீதம்தான். ஆனால், டென்மார்க்கில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் மார்பகப் புற்றுநோயால் விவாகரத்து கூடவில்லை. நம்மூரில் கோர்ட்டுக்குப் போவானேன், தாய்வீட்டில் கொண்டுவிட்டால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

அடுத்த முறை மருத்துவர் கூப்பிடும்போது, ஃபைலை அவள் கையில் கொடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போகாதீர்கள். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எந்த மாத்திரை, எவ்வளவு காலம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டாமாக்சிஃபென் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஐந்து வருஷம், ஒரு நாள் விடாமல் போட வேண்டும்.