இறாலுக்கு உண்டு சர்டிபிகேட்! கிணற்றுத் தண்ணிக்கு?

காரைக்கால்,

"பொறுப்பாக வளர்த்த இறால்தானா? சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்கிறார்கள் வெளிநாட்டு வியாபாரிகள். நல்ல விஷயம்தான். ஆனால் இறால் குளத்துக்குப் பக்கத்தில் நாற்று நட்டவர், கிணற்றுத் தண்ணி கரிச்சுதுன்னா எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது?

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

இது பழைய வழக்கு. பக்கத்து நாகை வட்டாரத்தில் வயலெல்லாம் குளமானபோது சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுப் படியேறினார். 1996-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பு வந்தது. விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குளமாக்கக் கூடாது. தடை செய்த கடலோரப் பகுதியில் உள்ள பண்ணைகளை 1997 மார்ச் 31-ந் தேதிக்குள் அகற்ற வேண்டும் என்றது கோர்ட்டு. மறுஆய்வு மனுக்கள் பாய்ந்தன. உத்தரவு அப்படியே நடக்கவில்லை.

பிறகு 2005-ல் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது. பண்ணைக்குப் பதிவு கட்டாயம். கடல் ஏற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது. பதிவு தருவது சென்னையில் உள்ள ஆணையம். பதிவில்லாமல் நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில் என்றிருந்தது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி ஜெயிலை எடுத்தார்கள். இப்போது அபராதம்தான்!

எது கட்டாயம்?

வெளிநாட்டு சர்டிபிகேட் வேறு. 2014-ல் வந்த ஏ.எஸ்.சி. தர விதிகள், சதுப்புநிலக் காட்டை அழிக்காதே, நல்ல தண்ணியில் உப்புத் தண்ணியை விடாதே, அக்கம்பக்கத்து ஜனங்களைக் கலந்து பேசு என்கின்றன. விதிகள் நல்லவைதான். ஆனால் கட்டாயம் இல்லை. விருப்பப்பட்ட முதலாளி பணம் கட்டிச் சோதனைக்கு ஆள் கூப்பிட வேண்டும். கூப்பிடாதவரை யாரும் கேட்பதில்லை. ஆக, ஊர்க்காரருக்குப் பிடி அரசாங்கப் பதிவு ஒன்றுதான்.

இரண்டு கலெக்டர்

காரைக்காலுக்கு இன்னொரு சிக்கல். கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. எல்லைக்கு அந்தப் பக்கம் குளம், இந்தப் பக்கம் கிணறு என்றால் இரண்டு கலெக்டர், இரண்டு அரசாங்கம். உப்புத் தண்ணிக்கு எல்லை தெரியுமா?

பதிவு எண்ணைப் பண்ணை வாசலில் எழுதிப் போடட்டும். குளம் வெட்டும் முன்னும் பின்னும் பக்கத்துக் கிணற்றில் உப்பை அளக்கட்டும். இரண்டு கலெக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

தட்டில் விழும் இறாலுக்கு சர்டிபிகேட் இருக்கட்டும். குடத்தில் விழும் தண்ணிக்கு யார் கொடுப்பது?