தேரிக்கு ஒரு நாள்

அக்கா மகன் ஏழாம் வகுப்பு. பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் என்று உருப்போட்டுக்கொண்டிருந்தவன், "இது நாலும் எந்த இடத்துல மாமா பிரியும்?" என்று கேட்டான். வாயால் பதில் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் திருச்செந்தூர்ப் பக்கம், குதிரைமொழித் தேரி என்னும் மணல்மேட்டுக்கு அழைத்துப் போனேன்.

கண்ணுக்கு எட்டியவரை செக்கச் சிவந்த மணல். ஒரு பிடி அள்ளி, தண்ணீர் விட்டுக் கசக்கச் சொன்னேன். உள்ளங்கை சிவந்துபோயிற்று. மணலின் உள்ளே இருப்பது வெளிறிய குவார்ட்ஸ்தான். மேலே இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. ஆணியில் ஏறும் துருவுக்கு உறவு என்றேன். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை அவன் மணலில் புரட்ட, கறுப்புப் பொடி மீசை போல ஒட்டிக்கொண்டது. அது மேக்னடைட். எங்கோ பாறையாக இருந்தது, உடைந்து உதிர்ந்து இங்கே வந்திருக்கிறது.

கொண்டுவந்து குவித்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கேயே கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்டு பாய்கிறது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே மேல்காற்றுதான். அது நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்தது என்பார்கள். கடலுக்கும் இதில் பங்கு உண்டு என்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழமில்லாத பகுதிகள் அப்போது காய்ந்த தரை. அந்த மணலும் காற்றில் ஏறி வந்திருக்கலாம். எனக்கு இரண்டையுமே நம்பத் தோன்றுகிறது.

தேரியில் மழை பெய்தால் வெள்ளம் ஓடாது, விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீர் தாழ்வான இடம் பார்த்து ஊறி வரும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருப்பது அப்படியொரு சுனையை ஒட்டித்தான். வெக்கையில் நடந்து போய் அந்த மரநிழலில் நின்றதும் பையன் பேசவே இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது எங்கள் காலடித் தடங்களைக் காற்று அழித்திருந்தது. பனை நின்ற இடங்களில் மட்டும் மணல் அசையாமல் கிடந்தது. ஒரு வடலியின் அடியில் விரலால் கிளறிப் பார்த்தான். மெல்லிய வேர்கள் மணலைப் பின்னிப் பிடித்திருந்தன. "எங்கயுமே பிரியலையே மாமா" என்றான்.

இந்த மணலைத்தான் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். அள்ளிய மேட்டைத் திரும்பக் குவித்துத் தர எந்த எந்திரமும் கிடையாது. தென்மாவட்டத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆடியில் ஒரு காந்தமும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தேரிக்குக் கூட்டிப் போங்கள்.