காலியாக இருந்த இரண்டு இருக்கைகள்

சீன எல்லைப் போரையொட்டி 1962 அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. நவம்பர் 21இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை ஓயவில்லை. ஒரு மாதப் போரின் பெயரால் ஐந்தாண்டுக்கும் மேலாக அரசின் கையில் தங்கிவிட்ட அந்த அதிகாரம் யார்மீது பாய்ந்தது என்பதைத் தோழர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

1964 டிசம்பர் இறுதியில், எல்லையில் போர் ஏதுமில்லாத வேளையில், திருச்சி மக்களவை உறுப்பினர் தோழர் கே. அனந்தன் நம்பியாரும் புதுக்கோட்டை உறுப்பினர் தோழர் ஆர். உமாநாத்தும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ச் சிறைவைக்கப்பட்டனர். இருவரும் மலையாள மண்ணிலிருந்து வந்து தமிழகத் தொழிலாளரோடு ஒன்றியவர்கள். அமைச்சர் பதவியோ பெரும்பான்மையோ இல்லாத எதிர்வரிசை உறுப்பினருக்கு உள்ள கருவிகள் கேள்வியும் பேச்சும்தாம். அவை பறிக்கப்பட்ட ஆண்டு எப்படிப்பட்டது? சனவரி, பிப்ரவரியில் மொழிப் போராட்டமும் துப்பாக்கிச் சூடும். பின்னர் நிதிநிலை அறிக்கை. செப்டம்பரில் பாகிஸ்தானுடன் முழுப் போர். இரு தொகுதி மக்களும் அவ்வாண்டு வரி செலுத்தினர்; அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் சிறையில் இருந்தனர்.

இருவரும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 1965 அக்டோபரில் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான அமர்வு கைவிரித்தது: அவைக்கு வரும் அழைப்பு தடுப்புக் காவலிலிருந்து விலக்கு அளிக்காது, பேச்சுரிமை அவைக்குள் வந்தபின்னரே பிறக்கும் என்றது. அவைக்கு வரவிடாமல் தடுத்தவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கிறது.

நம்பியாருக்கு இது முதல் அனுபவமன்று. சென்னைச் சட்டமன்றத்தில் ரயில்வே தொழிலாளர் பிரதிநிதியாக இருந்தபோதும் அவர் காவலில் வைக்கப்பட்டார். காவலிலிருந்து விலக்கில்லை என்றே அன்று சென்னை உயர்நீதிமன்றமும் கூறியது. எனினும், உறுப்பினர் சபாநாயகருக்கு எழுதும் கடிதத்தை அதிகாரிகள் நிறுத்திவைக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. சிறிய வெற்றிதான். ஆனால் சிறைக்குள்ளிருந்தும் அவையோடு பேசும் வழியொன்று அதனால் திறந்தது.

கேரளத் தோழர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1965 மார்ச்சில் சிறையிலிருந்தபடியே வென்றவர்கள் பலர் இங்குண்டு. அந்தச் சட்டமன்றம் ஒருநாளும் கூடவில்லை.

நேரு அரசின்மீது நமக்குக் குறைகள் பல உண்டு. ஆயினும் 1962 நவம்பர் 8இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, மக்களவை கூடியது. 165 உறுப்பினர்கள் பேசினர். 2025 மே மாதச் சிந்தூர் நடவடிக்கைக்குப்பின் எதிர்க்கட்சிகள் சிறப்புக் கூட்டத்தொடர் கேட்டன, கிடைக்கவில்லை. வழக்கமான கூட்டத்தொடரில், ஜூலை இறுதியில்தான் விவாதம் நடந்தது. பூஞ்சில் எறிகணைக்கு உறவினரைப் பறிகொடுத்த குடும்பங்களின் நிலையை உடனே எழுப்பும் வாய்ப்பு எந்தப் பின்வரிசை உறுப்பினருக்கும் அவையில் கிட்டவில்லை. போர் மூண்டால் குறித்த நாட்களுக்குள் அவை கூடியாக வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவைக்குமாறு நமது உறுப்பினர்கள் இரு அவைகளிலும் வலியுறுத்த வேண்டும்.