சாட்சிக்கு வருகிறோம்

1946 ஜனவரி 8. கோவை மத்திய சிறையில் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று தொழிற்சங்கக்காரர்கள் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிற நால்வர். அந்த மில்லில் வேலை பார்த்த ஒரு பெண் வன்கொடுமைக்கு ஆளானார். அதன் பின் எழுந்த மோதலில் அடியாள் ஒருவன் செத்தான். அந்த வழக்கில்தான் இவர்கள் கழுத்தில் கயிறு விழுந்தது. கூட வேலை செய்த பெண்ணுக்கு நேர்ந்ததைத் தங்களுக்கே நேர்ந்ததாக எடுத்துக்கொண்ட ஆண்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். அவர்களை வணங்கி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

உயிர் கொடுத்தவர்களின் ஊரில் இன்று ஒரு பெண்ணின் புகாருக்குச் சாட்சி கிடைப்பதில்லை. அதனால்தான் கூடியிருக்கிறோம்.

நாங்கள் மில்லிலும் லேத் பட்டறையிலும் ஜவுளிக்கடையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற ஆண்கள். மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்குகிறவர்களும் பஸ் ஓட்டுகிறவர்களும் எங்களில் உண்டு. கோவை உக்கடத்தில் கூடியதற்குக் காரணம் இருக்கிறது. விடிவதற்குள் பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் பாலக்காட்டுப் பக்கமிருந்தும் பஸ் ஏறி இங்கே இறங்கி, டவுன் பஸ் மாறி வேலைக்கு ஓடுகிற பெண்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அவர்களும் நாங்களும் ஒரே படிக்கட்டில் தொங்கித்தான் போகிறோம். ஒரே கேட்டுக்குள் நுழைந்த பிறகு வேறு வேறு ஆகிவிடுகிறோம்.

நாங்கள் பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறோம். அறுந்த இழையைக் காட்டுகிற சாக்கில் சூப்பர்வைசர் ஒரு பிள்ளையின் தோளில் கை வைத்ததைப் பார்த்தோம். அந்தப் பிள்ளை எங்களைத் திரும்பிப் பார்த்ததையும் பார்த்தோம். நாள் முழுக்கச் சேலை விரித்துப் போட்டு நின்றே கால் வீங்கியவரைப் பார்த்தோம். சித்தாளாக வந்த அக்கா இருபது வருஷம் கழித்தும் சித்தாளாகவே கலவை சுமக்கிறார். அவர் சட்டியிலிருந்து கலவை வாங்கிப் பூசப் பழகிய பையன்கள் மேஸ்திரியாகிவிட்டார்கள். பார்த்துவிட்டு டீக்கடையில் நின்று ஒரே வார்த்தைதான் சொன்னோம்: "நமக்கெதுக்குங்க வம்பு."

சட்டம் இல்லாமல் இல்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976இலேயே சட்டம் வந்தது. ராஜஸ்தானின் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து 1997இல் விசாகா தீர்ப்பும், 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டமும் பிறந்தன. பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பத்துக்குக் கீழே என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். கடையில் வேலை செய்பவர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத் திருத்தம் செய்தது. ஆனால் புகார்க் குழு கூடும், புகார் கொடுத்தவர் வருவார், பேசுவார். பக்கத்து மெஷினில் நின்றவன் லீவு போட்டிருப்பான். அங்கே செத்துப்போகிறது அந்தச் சட்டம்.

பெண்களைக் காப்பாற்ற வந்தவர்கள் என்று எங்களை யாரும் அழைக்க வேண்டாம். காப்பாற்றுகிறோம் என்ற பேச்சின் விலையைக் கொங்கு நாடு நன்றாகக் கண்டிருக்கிறது. சுமங்கலித் திட்டம் என்று மில்காரர்கள் மங்கலமாகப் பெயர் வைத்தார்கள். மூன்று வருஷம் உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்றார்கள். பாதுகாப்பு என்று சொல்லித்தான் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டினார்கள். பாதுகாப்பின் பெயரால்தான் இரவு ஷிப்டும் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி மறுத்த சட்டப் பிரிவு செல்லாது என்றது. ஆண்களால் பெண்ணுக்கு விடுதலை கிடைக்கும் என்று நம்பாதீர்கள் என்று நம் ஈரோட்டுப் பெரியார் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை எங்களுக்கு எதிரானதாக நினைக்கவில்லை. எங்கள் முதல் விதியாகவே வைத்துக்கொள்கிறோம்.

ஆகவே எங்கள் வேலை ஆண்களுக்கு நடுவில்தான். கண்ணால் கண்டதை விசாரணையில் சொல்வோம். சொன்னதற்காக ஷிப்ட் மாற்றினாலும் போனஸை நிறுத்தினாலும் பின்வாங்க மாட்டோம், அந்தத் தோழரின் இழப்பை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வோம். எங்கள் கூலி எவ்வளவு என்பதைப் பக்கத்தில் அதே வேலை செய்கிற பெண்ணிடம் மறைக்க மாட்டோம். கரணை பிடிக்கவும் மெஷின் பிரித்து மாட்டவும் அவருக்குக் கற்றுக்கொடுப்போம். அதனால் நமக்கு வரவேண்டிய மேஸ்திரி வேலை அவருக்குப் போனால் போகட்டும், அது முன்பே அவருக்கு வந்திருக்க வேண்டியது. டீக்கடைப் பேச்சில் ஒரு பெண்ணின் நடத்தை இழுக்கப்பட்டால் சிரிக்க மாட்டோம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் லீவு நாங்களும் போடுவோம்.

எங்களில் ஒருவன் மீதே புகார் வரும். வரத்தான் செய்யும். அன்று அவனைச் சுற்றி நின்று "நல்ல பையனுங்க" என்று சான்றிதழ் கொடுக்க மாட்டோம். விசாரணை முடியும்வரை அவன் எந்தப் பொறுப்பிலும் இருக்க மாட்டான்.

திண்டுக்கல் பக்கம் 2021இல் ஆயத்த ஆடைத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் போராடி 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. தொழிற்கூடத்துக்குள்ளேயே கண்காணிக்கவும் புகாரை எடுத்துச்செல்லவும் பெண் தொழிலாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். வழி அவர்கள் போட்டது. நாங்கள் பின்னால் நடப்போம். இந்த இயக்கத்துக்கு நாங்கள் பெயர்கூட வைக்கவில்லை; எங்களோடு வேலை செய்யும் பெண்கள் வைக்கட்டும். வேண்டாம், கலைத்துவிடுங்கள் என்று அவர்கள் சொன்னால் கலைப்போம்.

அண்ணா, தம்பி, மாப்ளே, உங்களிடம் இன்று சந்தா கேட்கவில்லை. நாளைக்கு ஷிப்டுக்குப் போனதும் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். உள்ளகப் புகார்க் குழு அமைத்த உத்தரவு அங்கே ஒட்டியிருக்க வேண்டும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இல்லையென்றால் ஆபீசுக்குள் போய், எங்கே என்று நீங்களே கேளுங்கள்.